ஆலைக்குள் செருப்பைக் கழற்று... கிரைண்டரைத் தொடச் செருப்பைப் போடு!

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து அடைக்கும் அறைக்குள் நுழையும் முன், தொழிலாளி செருப்பை வெளியே விடுகிறார். வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டை உள்ளங்கையால் ஒருமுறை தொடுகிறார். தகட்டிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகிறது. உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அந்த வழியாக இறங்கிவிடும். நைலான் துணி கூடாது, பருத்திதான். இரும்புச் சாமான் ஆகாது. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் கலந்த மருந்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அதே கை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மாவாட்டக் கிரைண்டர் பக்கம் போகும். அடுப்படியிலிருந்து குரல் வரும். "செருப்பப் போட்டுக்கிட்டுத் தொடு தாயி... சுரீர்ங்குது!"

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பழைய வீடுகளில் அந்த 'சுரீர்' குடும்பத்தில் ஒருவர் மாதிரி ஆகிவிட்டது. கிரைண்டர் மேல்தான் எல்லோருக்கும் கோபம். உண்மையில் பழி போட வேண்டியது சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் மேல்.

தென்மாவட்டங்களுக்கு மின்சாரம் கொடுத்த பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் இயங்கத் தொடங்கியது. காமராஜர் முதல்வராக இருந்த 1954 - 63 காலத்தில் மின்கம்பங்கள் கிராமங்களுக்கு வேகமாக நகர்ந்தன. அந்தக் காலத்தில் வயரிங் செய்த வீடுகளில் இன்றும் அடையாளம் மிச்சமிருக்கிறது. சுவரில் ஓடும் மரச்சட்டம், அதன் மேல் தகரக் கிளிப் போட்டுப் பிடித்த வயர், மரப்பெட்டி மேல் கறுப்புக் குமிழ் சுவிட்சுகள், பீங்கான் ஃபியூஸ் கேரியர். பார்க்க அழகுதான். ஆனால், அந்த வயரின் மேலுறை ரப்பர். வருஷம் ஆக ஆக அது காய்ந்து, வளைத்தால் அப்பளம் போல நொறுங்கும்.

அப்போது ஒரு வீட்டுக்கு மின்சாரம் என்றால் நாலு பல்பு, மிஞ்சினால் ஒரு ரேடியோ. ஆகவே பாயின்ட்டில் இரண்டு ஓட்டை போதுமாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், வால்வு ரேடியோவின் முதுகில் ஏரியலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று என இரண்டு திருகுகள் இருக்கும். இலங்கை வானொலி இரைச்சல் இல்லாமல் கேட்க வேண்டுமென்று மண்ணுக்குக் கம்பி இழுத்த வீடுகள் உண்டு. பாட்டுக்காக எர்த் போட்டார்கள், ஆளுக்காகப் போடவில்லை!

பரணில் கிடக்கும் அந்த ரேடியோவை இப்போது இறக்கித் துடைத்து, பாடுகிறதா பார்க்கலாம் என்று செருகுகிறவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய செட்டுகளில் ஏ.சி-டி.சி என்று ஒரு வகை உண்டு. அதில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டமே மின்கம்பியின் ஒரு முனையோடு இணைந்திருக்கும். இரண்டு முள் பிளக்கை மாற்றிச் செருகினால் சட்டம் முழுக்க 230 வோல்ட் நிற்கும். குமிழ் உடைந்து, உள்ளிருக்கும் உலோகத் தண்டை விரலால் திருப்பினால் முடிந்தது கதை. மெக்கானிக் பார்க்காமல் அதைச் செருகவே கூடாது.

மூன்று ஓட்டைப் பாயின்ட் நமக்கு வந்தது வெள்ளைக்காரர் வழியாக. பிரிட்டன் 1947-லேயே தட்டை முள்ளுக்கு மாறத் தொடங்கிவிட்டது. நாம் அவர்களுடைய உருண்டை முள்ளையே வைத்துக்கொண்டோம். தரக்குறியீட்டில் 6, 16 என்று மாறிய பிறகும் நம் வாயில் இன்னும் '5 ஆம்ஸ், 15 ஆம்ஸ்'தான்.

அந்தப் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் முள் தடியாகவும் நீளமாகவும் இருக்கும். நீளம் எதற்கு? செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். தடிமன், அது தப்பித்தவறி மற்ற ஓட்டைகளில் நுழையாமலிருக்க. இவ்வளவு யோசித்து வைத்த முள்ளை, 'பாயின்ட்ல ஏறலை' என்று நாம் ஒடித்துவிடுகிறோம். பிளக்கே இல்லாத வயரை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி செருகி நிறுத்துவதும் உண்டு. சிவகாசியில் தீக்குச்சிக்கா பஞ்சம்?

2006-க்குப் பிறகு இலவச கலர் டி.வி வந்தது. 2011 செப்டம்பரில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வழங்கும் திட்டம் தொடங்கியது. அம்மியிலும் ஆட்டுரலிலும் தேய்ந்த கைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் சுவரில் இருந்தது அதே ரேடியோ காலத்துப் பாயின்ட். அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன், அதன் மேல் ஒரு மல்டி பிளக் என்று கிளை விட்டது.

டி.வி-க்கு இரண்டு முள் போதும். அதன் உடல் பிளாஸ்டிக். சாமானின் முதுகில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை. கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ், பழைய இரும்பு உடல் டேபிள் ஃபேன் போன்றவை அப்படியில்லை. உள்ளே கசியும் மின்சாரத்துக்கு வழி வேண்டும். எர்த் இல்லையென்றால் ஈரத்தரையில் நிற்கும் மனிதர்தான் வழி.

மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல வீடுகளில் மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே கிடையாது. இன்னும் மோசம், சிலர் அதை நியூட்ரலோடு முடிந்துவைப்பது. எங்காவது நியூட்ரல் அறுந்தால், கிரைண்டரின் உடலே ஃபேஸ் ஆகிவிடும்.

எர்த் குழி இருக்கும் வீட்டுக்கும் இந்த மண்ணில் ஒரு சிக்கல் உண்டு. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே தழைத்ததற்கு மழை குறைந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். போட்டது சீக்கிரம் காயும். அந்த வறட்சியில்தான் உடம்பில் நிலைமின்சாரமும் ஏறுகிறது. எர்த் குழியும் அதே வறட்சியில்தான் செத்துப்போகிறது. கரிசல் மண் ஈரமாக இருந்தால் மின்சாரத்தை நன்றாக வாங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, புதைத்த குழாயை விட்டு விலகி நிற்கும். அதனால்தான் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள்.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. வயர்மேனைக் கூப்பிட்டு, குழியிலிருந்து மீட்டர் போர்டு வரையிலும், அங்கிருந்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பச்சை வயர் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒன்று. 'எம்.சி.பி இருக்கே' என்பார்கள். அது ஓவர் லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். ஆளைத் தாக்கும் கசிவு அதன் கண்ணுக்கே தெரியாது. ஆர்.சி.சி.பி போட்ட பிறகு அடிக்கடி விழுந்தால், கருவியைக் கழற்றச் சொல்லக் கூடாது. எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம்.

தீபாவளி முடிந்து ஐப்பசி மழை பிடித்ததும் கரிசல் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். குழி உள்ள வீட்டில் கிரைண்டர் திடீரென்று சாதுவாகிவிடும். "தானா சரியாப் போச்சு" என்று வயர்மேனுக்குச் சொல்லிவிட வேண்டியதை விட்டுவிடுவார்கள். பங்குனியில் மண் மறுபடி வாய் பிளக்கும்போது, அந்த ஜோடிச் செருப்பு கிரைண்டர் பக்கத்திலேயே கிடக்கும்.