அசோகவனத்தில் அனுமன் அளித்த முதலுதவி

தேனிக்கு அருகே, முல்லைப் பெரியாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கிறாள் வீரபாண்டி கௌமாரியம்மன். பார்வையை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இத்தலத்துக்கு வந்து வழிபட்டு, அன்னையின் அருளால் ஒரு கண்ணையும் கண்ணீஸ்வரமுடையாரின் அருளால் மறு கண்ணையும் பெற்றான் என்கிறது தல வரலாறு. இரு கண்களும் ஒரே சந்நிதியில் கிடைக்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பெருந்துயரால் கண் இருண்டு நிற்பவர்களுக்கும் ஒளி ஒரே இடத்திலிருந்து வந்துவிடுவதில்லை.

அத்தகைய இருள் இந்த மாவட்டத்தின் மீதே ஒருமுறை கவிந்தது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்திருந்த இரு குழுவினர், கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் அதில் சிக்கிக்கொண்டனர். அவர்களில் பலர் இளம் பெண்கள். சம்பவ இடத்திலும், பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 உயிர்கள் பிரிந்தன. உதவிக்கு முதலில் ஓடியவர்களில் மலைக்கிராமத்து மக்களும் இருந்தனர்.

தீ அணைந்துவிடும், தீக்காயமும் காலத்தால் ஆறும். உயிர் பிழைத்தவரின் மனத்தில் எரிவது எளிதில் அணையாது. 'உடன் வந்தவள் போய்விட்டாள், நான் மட்டும் ஏன் இருக்கிறேன்?' என்ற கேள்வி அவரை உறங்கவிடாது. மகளை வழியனுப்பிய தாய், தன்னையே குற்றவாளியாகக் கருதிக்கொள்வாள். காயம்பட்டோரைச் சுமந்து இறங்கியவர்களின் மனத்திலும் தாங்கள் கண்ட காட்சி தங்கிவிடும். மீட்கச் சென்றவர்களையும் யாராவது விசாரிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மலைக்கு அப்பாலும் இதே கதைதான். 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளின் மீது மண் சரிந்தது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர்கள். கொரோனா காலமாதலால், சொந்த ஊரிலிருந்த உறவினர் பலருக்கு அருகில் சென்று அழுவதற்குக்கூட வழி எளிதாக இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 8,000 பேரைப் பலிகொண்டது. அப்போது பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனத்தின் வல்லுநர்கள் தமிழகத்துக்கு வந்தனர். பாதிக்கப்பட்ட மக்களிடையே பணியாற்றும் சாதாரணத் தொண்டர்களுக்கு, ஆறுதல் அளிக்கும் முறையைக் கற்பித்தனர். ஆறுதல் சொல்லப் பட்டம் தேவையில்லை. பயிற்சியும் பொறுமையும் போதும் என்பதே அதன் அடிப்படை.

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இதனை மூன்று செயல்களாக வகுக்கிறது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். சுந்தர காண்டம் பாராயணம் செய்வோருக்கு இம்மூன்றும் புதியவை அல்ல.

அசோகவனத்தை அடைந்த அனுமன் உடனே சீதாப்பிராட்டியின் முன் குதித்துவிடவில்லை. மரத்தில் மறைந்திருந்து, பிராட்டியின் நிலையையும் சுற்றிலுமுள்ள ஆபத்தையும் முதலில் பார்த்தான். உயிரை விடவும் துணிந்த தாயிடம் அச்சம் தராமல் எவ்வாறு பேசுவது என்று சிந்தித்தான். பிறகு ராமகதையை மென்மையாகச் சொன்னான். பிராட்டிக்குத் தன்மீது ஐயம் எழுந்தபோது சினவாமல், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பணிவுடன் விடையளித்தான். கணையாழியைத் தந்து, சூடாமணியைப் பெற்றுச் சென்று, பிரிந்திருந்த இருவரையும் செய்தியால் இணைத்தான். துயரம் ஏன் வந்தது என்று பிராட்டிக்கு அவன் விளக்கம் சொல்லவில்லை.

இங்கேதான் நல்லெண்ணம் கொண்ட பெரியவர்களும் தவறிவிடுகிறார்கள். 'எல்லாம் விதி', 'முன்வினைப் பயன்' என்பவை தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது மருந்தாகலாம். பிறர் சொல்லும்போது, புண்ணில் பட்ட உப்பாகிவிடும். 'பெண் பிள்ளையை மலைக்கு ஏன் அனுப்பினீர்கள்?' என்பது விசாரிப்பு அல்ல, தீர்ப்பு. 'அழாதே' என்பதும் வேண்டாம். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்துவதும் தகாது. அவர்களாகவே பேசினால் கேட்க வேண்டும். பேசாவிட்டால், 'சாப்பிட்டாயாம்மா?' என்று கேட்டு அருகில் அமர்ந்திருந்தாலே போதும்.

துக்கம் விசாரிக்க வருவோர் கூட்டம் பதினாறாம் நாளோடு குறைந்துவிடுகிறது. வீட்டின் வெறுமை அதன் பிறகுதான் முழுமையாகத் தெரியும். ஓய்வு பெற்ற முதியவர்களிடம் இளையோரிடம் இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது, அது நேரம். வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்குச் சென்று வரலாம். மாலையில் கோயிலுக்கு உடன் அழைத்துச் செல்லலாம். வர மனமில்லையெனில் பிரசாதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். தெய்வத்தின் மீதே கோபம் கொண்டு பேசினாலும் வாதிடாமல் கேட்கலாம்.

இணைத்தல் என்பது கைவேலையும்கூட. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், காப்பீட்டுத் தொகை, மறைந்தவரின் வங்கிக் கணக்கு என எத்தனையோ அலுவல்கள் துயரத்தின் நடுவே வந்து நிற்கும். படிவத்தை நிரப்பித் தந்து, அலுவலகத்துக்கு உடன் சென்று வருவதும் ஆறுதலே.

பெரும்பாலோர் உற்றாரின் துணையோடு மெல்ல மெல்லத் தேறிவிடுவர். ஆனால், ஒரு மாதத்துக்குப் பிறகும் உறக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், உண்ண மறுத்தல், எவரிடமும் பேசாதிருத்தல் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உயிர் வாழ விருப்பமில்லை என்று ஒரு சொல் வந்தாலும் காத்திருக்கலாகாது; அவரைத் தனியே விடவும் கூடாது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணமின்றி, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரை நாடுவது பக்திக் குறைவாகாது. பாண்டியனுக்கு ஒரு கண் அன்னையிடம் கிடைத்தது. மறு கண்ணுக்கு அவன் அடுத்த சந்நிதியில் நின்றான். துயருற்றவரின் கைபிடித்து இரண்டு வாசல்களுக்கும் அழைத்துச் செல்பவரே, அவருக்கு அனுமனாகி நிற்கிறார்.