உங்களுக்குத் தெரியுமா? பந்தே இல்லாத பௌலிங்!

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2006-இல் 'வீ' என்ற வீடியோ கேம் கருவியைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குத்தான் என்று பலரும் நினைத்திருக்க, அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் அதன் பௌலிங் ஆட்டம் வேகமாகப் பரவியது. உண்மையான பௌலிங் பந்து 7 கிலோ வரை கனக்கும். 'வீ' ரிமோட்டோ உள்ளங்கையில் அடங்கிவிடும். கையை வீசினால் உள்ளே இருக்கும் உணரி அந்த அசைவைக் கண்டுகொள்ளும். திரையில் பந்து உருளும். மூட்டுவலியால் பௌலிங்கை விட்டவர்களும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் ஆடலாம். இல்லங்களுக்கிடையே போட்டிகள்கூட நடந்தன!

2007-இல் ஜப்பானில் வெளியான 'வீ ஃபிட்' ஆட்டத்துக்கு ஏறி நிற்க ஒரு பலகை உண்டு. அதிலுள்ள 4 எடை உணரிகள், உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனுக்குடன் காட்டும். முதுமையில் ஒரு சறுக்கல் இடுப்பெலும்பையே முறித்துவிடுமே, அதனால் பௌலிங்கைவிட இந்தப் பலகைதான் பெரிய வரவு என்பேன். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'வீ' பௌலிங்கில் சோபாவில் சாய்ந்து மணிக்கட்டை மட்டும் சுண்டினாலும் புள்ளிகள் ஏறும். ஆனால் உடம்புக்கு அது போதாது. முடிந்தவர்கள் எழுந்து நின்று ஆடுங்கள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் கனமான நாற்காலி ஒன்று இருக்கட்டும்.