வசனம் மாறவில்லை, நேரம் ஏன் மாறியது?

டெங்கில் பள்ளிவாசலிலும் கோம்பாக் பள்ளிவாசலிலும் சுபுஹு தொழுகைக்கு ஒரே நேரம்தான். இரண்டு ஊர்களும் சிலாங்கூரின் ஒரே தொழுகை நேர வலயத்தில் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இந்த நேரம் 8 நிமிடம் தள்ளிப் போனது. இறைமறை மாறாதது என்கிறோம். தொழும் நேரம் மட்டும் எப்படி மாறும்?

இதற்கு விடை திருக்குர்ஆனிலேயே இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தின் 187ஆவது வசனம், வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து பிரிந்து தெரியும் வரை நோன்பாளி உண்ணலாம், பருகலாம் என்கிறது. மணிக் கணக்கு எதையும் அது சொல்லவில்லை. அதீ இப்னு ஹாத்திம் என்ற நபித்தோழர் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, தலையணைக்கு அடியில் இரண்டு கயிறுகளை வைத்துப் பார்த்தார். அது இரவின் இருளும் பகலின் வெளிச்சமுமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவருக்கு விளக்கினார்கள். சொல்லுக்குள் இருக்கும் பொருளைத் தேட வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

அந்த வெளிச்சம் எப்போது வருகிறது? முன்பு கண்ணால் பார்த்தார்கள். பிறகு கணக்குப் போட்டார்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 டிகிரியில் இருக்கும்போது வைகறை தொடங்குவதாக இங்கே கணக்கு இருந்தது. வானத்தின் வெளிச்சத்தைக் கருவிகளால் அளந்த ஆய்வுகளுக்குப் பிறகு அது 18 டிகிரி ஆனது. பூமி 1 டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். 2 டிகிரிக்கு 8 நிமிடம்.

எட்டு நிமிடம்தானே என்று விட்டுவிட முடியாது. நேரம் வருமுன் தொழுத தொழுகை செல்லாது என்பது மார்க்கச் சட்டம். அப்படியானால் இத்தனை காலம் தொழுதது வீணா? இல்லை. நேர்மையாக ஆராய்ந்து எடுத்த ஒரு முடிவைப் பிந்திய ஆராய்ச்சி ரத்து செய்யாது என்பதும் அதே சட்டவியலின் விதிதான்.

இந்த வழி நம் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் படித்த வானியல் அறிஞர் ஷேக் தாஹிர் ஜலாலுத்தீன், 1906இல் சிங்கப்பூரில் 'அல்-இமாம்' இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். மார்க்கத்தை அறிவோடு சேர்த்துப் படிக்கச் சொன்ன அவருடைய அணியைப் பழைமைவாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று பினாங்கில் ஒரு வானியல் மையம் அவர் பெயரில் இயங்குகிறது.

ஒன்றை மட்டும் நேயர்கள் மறக்கக் கூடாது. ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பையும் வசனத்துக்குள் திணிப்பது வேறு விஷயம். நாளை அந்தக் கண்டுபிடிப்பே தவறு என்றானால் வசனத்தின் கதி என்ன? எத்தனை ரக்அத் தொழ வேண்டும் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. வைகறை எப்போது என்பதை அது சொல்லும். அது சொல்லக்கூடியதைக் கேட்டுக்கொள்வதால் ஈமான் குறைந்துவிடாது. வீட்டில் பிள்ளைகள் இப்படிக் கேள்வி கேட்டால் அதட்டி உட்கார வைக்காமல், உடன் உட்கார்ந்து வசனத்தையும் கணக்கையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கலாம்.