ஆவணப்படம் பாதியில் நின்றது... பேய் பிறந்தது! - ஹிடியோ நகாட்டாவின் திரைப்பயணம்

1998, ஜனவரி 31. ஜப்பான் தியேட்டர்களில் இரண்டு பேய்ப் படங்கள் ஜோடியாக வெளியாகின. ஒன்று 'ரிங்கு'. மற்றொன்று, அதன் தொடர்ச்சியான 'ரசென்'. ரசிகர்கள் 'ரிங்கு'வைக் கொண்டாடினார்கள். 'ரசென்' எடுபடவில்லை. அடுத்த ஆண்டே, 'ரசென்' கதையை ஓரமாக வைத்துவிட்டு, 'ரிங்கு'வுக்குப் புதிதாக ஓர் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். 'ரிங்கு'வையும் அந்த இரண்டாம் பாகத்தையும் இயக்கியவர் ஹிடியோ நகாட்டா.

இன்று உலகம் முழுக்க 'பேய்ப்பட இயக்குநர்' என்று அறியப்படும் இவர், அந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் பணத் தட்டுப்பாடு!

லண்டனில் தொடங்கியது

1961-ல் ஒகயாமாவில் பிறந்தவர் நகாட்டா. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1985-ல் 'நிக்கட்சு' நிறுவனத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். 90-களின் தொடக்கத்தில் லண்டன் போனவர், ஜோசப் லோசி என்ற இயக்குநரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஆரம்பித்தார். இடதுசாரி என்பதற்காக ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்டு, இங்கிலாந்துக்கு வந்து சாதித்தவர் லோசி.

படத்தை முடிக்கக் கையில் காசு இல்லை. அதற்காக நகாட்டா 1996-ல் இயக்கியதுதான் 'ஜோயூ-ரெய்'. 'நடிகையின் ஆவி' என்று பொருள். ஒரு ஸ்டுடியோவில் படப்பிடிப்பு நடக்கிறது. எடுத்த காட்சியைப் போட்டுப் பார்த்தால், நடிகைக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு பெண்! உதவி இயக்குநராக ஸ்டுடியோவிலேயே பழகியவருக்கு அந்த இருட்டு மூலைகள் அத்துப்படி. இதற்குத் திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகஹாஷியே 'ரிங்கு'வுக்கும் எழுதினார்.

அந்த ஒற்றைக் கண்

கோஜி சுசுகியின் நாவல்தான் 'ரிங்கு'வின் மூலம். ஒரு வீடியோ கேசட். அதைப் பார்த்தவர்கள் ஏழு நாளில் இறந்துபோகிறார்கள். கிளைமாக்ஸில் கிணற்றிலிருந்து ஏறி வரும் சடாகோ, டிவி திரையைத் தாண்டி வீட்டுக்குள் ஊர்ந்து வருகிறாள். வெள்ளை உடை, முகத்தை மூடிய நீளக் கூந்தல். ஜப்பானியப் பழங்கதைப் பேய்களின் அதே கோலம்தான்.

அந்த நடையில் இருக்கும் விநோதத்துக்குக் காரணம் எளிமையான தந்திரம். நடிகை ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டினார்கள். சடாகோவின் முகத்தை நகாட்டா கடைசிவரை காட்டவே இல்லை. தெரிவது ஒரே ஒரு கண். அதுவும் படக்குழுவில் இருந்த ஓர் ஆணின் கண்!

ஆனால், படம் மனதைவிட்டு அகலாததற்கு சடாகோ மட்டும் காரணமில்லை. நாவலில் ஆணாக இருந்த பத்திரிகையாளர், படத்தில் ரெய்கோ என்ற தாய். விவாகரத்தானவர், வேலைக்குப் போகிறவர். மகன் அந்த கேசட்டைப் பார்த்துவிடுகிறான். அவன் பிழைக்க ஒரே வழி, அதை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டுவது. ரெய்கோ தன் அப்பாவைத் தேடி காரில் கிளம்புவதோடு படம் முடிகிறது. பிள்ளையைக் காப்பாற்றப் பெற்ற தகப்பனையே பலி கொடுக்கலாமா? பேயைவிட அதிகம் உறுத்துவது அந்தக் கேள்விதான்.

2002-ல் வந்த 'டார்க் வாட்டர்' இன்னும் நெருக்கமானது. விவாகரத்து வழக்கில் மகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் போராடும் ஓர் அம்மா, பழைய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறார். கூரையில் ஈரக்கறை நாளுக்கு நாள் பெரிதாகிறது. தூக்கிப்போட்டாலும் திரும்பி வருகிறது ஒரு சிவப்புப் பை. 'பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவர நேரமாகிவிட்டதே' என்ற பதற்றமும் பேய் பயமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஹாலிவுட் அழைத்தது

அதே 2002-ல் 'ரிங்கு'வின் ஹாலிவுட் ரீமேக் 'தி ரிங்' வெளியாகி, உலக அளவில் சுமார் 25 கோடி டாலர் வசூலித்தது. அதை இயக்கியவர் கோர் வெர்பின்ஸ்கி. அதன் இரண்டாம் பாகத்துக்கு நகாட்டாவையே அழைத்தார்கள். 2005-ல் வந்த அந்தப் படத்தை விமர்சகர்கள் வறுத்தெடுத்தார்கள். அவர் பேசிவந்த வேறு சில ஹாலிவுட் படங்களும் கைகூடவில்லை. நகாட்டா இதையும் வீணாக்கவில்லை. வெளிநாட்டு இயக்குநர்கள் ஹாலிவுட்டில் படும் பாட்டை ஓர் ஆவணப்படமாகவே எடுத்துவிட்டார்!

கேசட் போய் செல்போன்

2018-ல் அவர் எடுத்த படத்தில் பேயே கிடையாது. டாக்ஸியில் தவறவிட்ட ஒரு ஸ்மார்ட்போன், தவறான ஆளிடம் சிக்குகிறது. போன் உரிமையாளரின் காதலியைக் குறிவைக்கிறான் அவன். அவன் தேடுவது நீளக் கருங்கூந்தல் பெண்களை! அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. 2019-ல் 'சடாகோ'வுக்குத் திரும்பியவர், இந்த முறை இணையத்தில் வீடியோ போடும் இளைஞனைக் கதைக்குள் இழுத்தார். துர்மரணம் நடந்த வீடுகளில் வாடகைக்குத் தங்கும் காமெடி நடிகரைப் பற்றிய அவரது 2020-ம் ஆண்டுப் படம், ஜப்பானில் பெரிய வெற்றி.

அது சரி, காசில்லாமல் நின்ற லோசி ஆவணப்படம் என்ன ஆனது? முடித்துவிட்டார். அதுவும் 'ரிங்கு' வந்த அதே 1998-ல்!

நகாட்டாவை முதல்முறை பார்ப்பவர்கள் 'டார்க் வாட்டர்' படத்திலிருந்து தொடங்கலாம். ரத்தக்களரி கிடையாது. ஆனாலும், சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்ப்பது நல்லது.