கல்விக் கூடத்தில் சம இருக்கை

கல்வி எல்லார்க்கும் பொது என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின் கல்லூரியின் வாயில் திறந்துவிட்டால் மட்டும் கல்வி பொதுவாகிவிடுமா? உள்ளே நுழைந்தவர்க்கு உரிய இருக்கையும் வேண்டுமன்றோ? இவ்வினாவை இருவர் வாழ்க்கையின் வழி ஈண்டு ஆராய்வோம். ஒருவர் நம் கொங்கு மண்ணில் பயின்ற தமிழர். மற்றவர் அமெரிக்கக் கறுப்பினப் பேராசிரியர்.

கோவைக் கலாசாலையில்

செங்கற்பட்டுப் பகுதியில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூர்க் கலாசாலையில் பயின்றார். நம் குண்டடம் அமைந்த தாராபுரம் வட்டமும் அக்காலத்தில் கோவை மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஏறத்தாழ 400 மாணவர் பயின்ற அங்கே, பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். தம் குலமும் குடியிருப்பும் வெளிப்பட்டால் இழிவு நேருமென அஞ்சிய அவர், வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார்; மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வார்; வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மை எட்டாதவாறு விரைந்து வீடு சேர்வார். நண்பர் ஒருவருமின்றிக் கற்ற கல்வி அது.

அன்று தம் குலத்தை மறைக்க நேர்ந்தவர், 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகி, பொதுச் சாலை, கிணறு முதலியவற்றை எல்லா வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் நிறைவேறச் செய்தார். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வெள்ளையரையும் கறுப்பரையும் ஒருங்கே வைத்துக் கற்பித்தல் சட்டப்படி குற்றமாக இருந்தது. அங்கே முனைவர் பட்டம் பயில 1948இல் விண்ணப்பித்தார் ஜார்ஜ் மெக்லாரின். நீதிமன்றத் தீர்ப்பால் அவர்க்கு இடம் கிடைத்தது. எனினும் வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் தனியே அமர்ந்தே அவர் பாடம் கேட்க வேண்டியிருந்தது. நூலகத்தில் தனி மேசை. உணவகத்தில் தனி நேரம், தனி இடம். பின்னர் வகுப்பறைக்குள் அமர்த்தப்பட்டபோதும் கறுப்பினத்தார்க்கெனக் குறித்த வரிசையே அவர்க்குக் கிடைத்தது.

மெக்லாரின் மீண்டும் வழக்காடினார். துர்குட் மார்ஷல் முதலிய வழக்கறிஞர்கள் அவர்க்குத் துணை நின்றனர். 1950 ஜூன் 5ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உடன் பயில்வாரோடு கலந்து பேசுதலும் கருத்துப் பரிமாறுதலும் கல்வியின் கூறுகளே. அவற்றைத் தடுப்பது சமத்துவத்திற்கு மாறானது என்பதே அதன் சாரம். 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கிய தீர்ப்புக்கு இது வழிகோலியது.

நாம் கொள்ள வேண்டுவது

மெக்லாரினை வெளியே அமர்த்தியது சட்டம். சீனிவாசனை வெளியே நிறுத்தியது சுற்றியிருந்தோர் மனப்பான்மை. முன்னதை நீதிமன்றம் நீக்கியது. தனி மனிதர் மனத்திலுள்ள விருப்பு வெறுப்பை அரசின் கட்டுப்பாடு நீங்குவதாலேயே போக்கிவிட முடியாது என்பதை அந்நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அதனைப் போக்குவது ஆசிரியர், மாணவர் கடமையாகும்.

நம் அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 29ஆம் உறுப்பு, அரசு நடத்தும் அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் சமயம், இனம், சாதி, மொழி காரணமாகச் சேர்க்கை மறுத்தலைத் தடுத்தது. 30ஆம் உறுப்பு சிறுபான்மையினர்க்குத் தம் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமை தந்தது. உரிமை பெற்ற நமக்குப் பொறுப்பும் மிகுதி. குண்டடம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் இல்லங்களிலிருந்தும் குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி காண வரும் மாணவர், மணி அடிக்கும் வரை வெளியே ஒதுங்கி நிற்கும் நிலை எங்கும் வாராதிருத்தல் வேண்டும். ஊர் எது, குலம் எது என வினவும் முன், உணவு வேளையில் உடனமர அழைத்தல் நன்று.

தொழுகை அணியில் முன்வந்தவர் முன் நிற்பார். செல்வரும் வறியரும் தோளோடு தோள் சேர்வர். பள்ளிவாசலில் நாம் நாளும் பேணும் இந்நெறி வகுப்பறை வரிசையிலும் விளங்குமாயின், கல்வி மெய்யாகவே பொதுவாகும்.