சிவப்பழகு க்ரீமும் சிறுநீரில் நுரையும்

முகூர்த்த மாதங்கள் வந்தாலே எனக்குக் கவலை. மயிலாப்பூரில் என்னைப் பார்க்க வரும் இளம்பெண்களில் சிலருக்குக் கால் வீங்கி, இமை உப்பி, சிறுநீர் நுரைத்துப் போகும். சர்க்கரை கிடையாது, இரத்தக்கொதிப்பும் கிடையாது. முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று கேட்டால் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு டப்பா வரும். தி.நகரில் வாங்கியது. தயாரித்தவர் பெயரும் இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்ற விவரமும் இல்லை.

பாதரசத்தின் வேலை

இப்படிப்பட்ட க்ரீம்கள் பலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. தோலில் நிறமி உண்டாவதை அது தடுப்பதால் முகம் வெளுக்கும். தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவர்கள் 2023-இல் இதே கதையைச் சொன்னார்கள்.

கேட்டுச் சலித்த சமாதானங்கள்

"உடம்புச் சூடு டாக்டர், அதான் நுரை." சூட்டுக்கு வெந்தயமும் எண்ணெய்க் குளியலும் பார்த்து மூன்று மாதம் ஓடியிருக்கும். நுரைக்குக் காரணம் சிறுநீரில் போகும் புரதம்; சூட்டினால் அது போகாது.

"வாழைத்தண்டு சாறு கிட்னியைக் கழுவிவிடும்." கழுவாது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துக்கே ஆபத்து.

"மெடிக்கல் ஷாப்பில் நீர் மாத்திரை கொடுத்தார்." வீக்கம் வடிந்தது, நோய் உள்ளே வளர்ந்தது. கடைக்காரர் உங்கள் சிறுநீரைப் பரிசோதித்தாரா?

"நாட்டு மருந்து, பக்கவிளைவே இல்லை." பாதரசம் கலந்த நாட்டு மருந்தை விசாரிக்காமல் விழுங்கினாலும் இதே சிறுநீரக நோய் வரலாம்.

"நான்தானே பூசுகிறேன்?" தலையணை, துண்டு, காற்று வழியே பாதரசம் குழந்தைக்கும் போகும்.

சமாதானம் சொல்லாமல் வந்தால், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் பாதரசம், தேவைப்பட்டால் பயாப்ஸி பார்ப்போம்.

சட்டம் எங்கே?

பாதரசத்தால் நாம் படுவது இது முதல்முறையல்ல. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு 2001-இல் பழைய சாமான் கடையில் கிடந்தது. உள்ளூர் மக்கள் போராடி ஆலையை மூட வைத்தார்கள். 2003-இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காக ஆலை நிறுவனத்துடன் உடன்பாடு வரவோ 2016 ஆயிற்று. அங்கே குற்றம் சாட்ட ஓர் ஆலையாவது இருந்தது. பெயரில்லாத டப்பாவுக்கு யாரைப் பிடிப்பது?

2020-இன் அழகுசாதன விதிகள், கண்ணுக்கான பொருட்களைத் தவிர மற்றவற்றில் தற்செயலாகச் சேரும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. விதி இருக்கிறது, கடைக்குப் போய் மாதிரி எடுப்பதில்தான் சுணக்கம். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயத்துக்காகப் பஞ்சு மிட்டாயைத் தடைசெய்த மாநில அரசுக்கு இது முடியாத காரியமா?

கெஞ்சிக் கேட்கிறேன்

பெயரில்லாத டப்பாவை இன்றே நிறுத்துங்கள். நிறுத்தினாலே பலருக்குச் சில மாதங்களில் நோய் தணிகிறது. க்ரீமைத் தொட்டியில் கழுவி ஊற்றாதீர்கள், அடையாறு பட்டது போதும். பையில் கட்டி, விவரம் சொல்லி, அபாயக் குப்பையாகத் தனியே கொடுங்கள். கர்ப்பமாக இருந்தால் தொடவே வேண்டாம் தாயே. நுரை கண்டால் அடுத்த முகூர்த்தம் வரை காத்திருக்காமல் டப்பாவோடு மருத்துவரிடம் வாருங்கள்.