நாய்க்கும் பூனைக்கும் சாப்பாடு

ஊரில் நாய்க்கென்று நாம் தனியாக எதுவும் வாங்கியதில்லை. மிஞ்சின சோறும் மீன்தலையும் போதும். ரொறன்ரோவிலும் நம்மவர் சிலர் கறிச்சட்டியை வழித்துத்தான் போடுகிறார்கள். கறியில் வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் இராது. இவை நாய், பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பூனைக்கு இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் என்ற சத்தும் வேண்டும். பாலும் சோறும் மட்டும் கொடுத்தால் காலப்போக்கில் பார்வையும் இதயமும் பழுதாகும்.

அதற்காக விலை கூடியதைத்தான் வாங்கவேண்டுமா? தேவையில்லை. 2007 மார்ச்சில், நமக்கு அடுத்த மிசிசாகாவைத் தலைமையிடமாகக் கொண்ட மெனு ஃபூட்ஸ் நிறுவனம், ஆறு கோடி பேணிகளையும் பொதிகளையும் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையத்தில் மெலமைன் கலந்திருந்தது. கடைகளின் சொந்தப் பெயரில் விற்ற மலிவுச் சாமானும் பெயர்பெற்ற விலையுயர்ந்த சாமானும் ஒரே பட்டியலில் இருந்தன!

ஆகவே பையின் முன்பக்கப் படத்தை விட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். 'கொம்ப்ளீற் அன்ட் பலன்ஸ்ட்', அதாவது முழுமையான சமச்சீர் உணவு, என்ற வரி இருக்கிறதா, அது குட்டிக்கா வளர்ந்ததற்கா என்று தேடுங்கள். பிறகு ஒரு கிலோ என்ன விலை என்று கணக்குப் பாருங்கள். பெரிய பை மலிவுதான். ஒற்றைப் பூனைக்கு வாங்கினால் முடியுமுன்னே கெட்டு மணக்கும். பழைய சாப்பாட்டோடு ஒரு வாரம் கலந்து கொடுத்தே மாற்றுங்கள். திடீரென மாற்றினால் வயிற்றோட்டம்தான்.

கை மிகவும் இறுகினால், பிள்ளைகள் ஆசையாய் வளர்க்கும் நாயை விட்டுவிட எண்ணுமுன், ரிவர் வீதியிலுள்ள ரொறன்ரோ ஹியூமன் சொசைற்றியின் செல்லப்பிராணி உணவு வங்கியைத் தொலைபேசியில் கேளுங்கள்.